தத்துப்பூச்சியின் உடம்பில் நோய் எங்கே தங்குகிறது?

கேள்வி: நெல் நட்டு ஒரு மாதத்துக்குள் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி, இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மாறியது. துங்ரோ என்றார்கள். பச்சைத் தத்துப்பூச்சிக்கு இரண்டு முறை மருந்து அடித்தேன். பூச்சி செத்து மிதந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அடுத்த பத்து நாளில் புதுத் திட்டுகள் வந்தன. பக்கத்துக் கத்தரியில் சிற்றிலை நோய் இருக்கிறது. அதற்கும் தத்துப்பூச்சிதான் காரணமாம். இரண்டும் ஒரே பூச்சியா? நோயைச் சுமக்கும் பூச்சியைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? அதன் உடம்பில் நோய் எந்தப் பாகத்தில் இருக்கிறது? என்னிடம் 10 மடங்கு கைலென்சும், மகளின் படிப்புக்கு வாங்கிய நுண்ணோக்கியும் இருக்கின்றன.

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

துங்ரோ வைரஸ் தத்துப்பூச்சியின் வாய்ப்பாதையிலும் முன்குடலிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே அது பெருகுவதில்லை. கத்தரிச் சிற்றிலை நோயின் கிருமியோ குடல் சுவரைக் கடந்து, பூச்சியின் இரத்தத்தில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியில் குடியேறுகிறது. அதனால் துங்ரோவைச் சுமக்கும் பூச்சி நோய்ச்செடியை உறிஞ்சிய உடனேயே பரப்பத் தொடங்கி, நாலைந்து நாளில் ஓய்ந்துவிடும். சிற்றிலைக் கிருமியைக் குடித்த பூச்சி மூன்று வாரம்போல ஒன்றும் செய்யாது. அதன்பின் சாகும்வரை பரப்பும். மருந்து அடித்தும் உங்கள் வயலில் நோய் வந்ததற்கான காரணம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முதலில், நீங்கள் பார்த்த பூச்சிகளைச் சரியாகப் பிரித்துக்கொள்வோம். பூச்சியைப் பிடித்துப் பின்னங்காலைக் கைலென்சில் பாருங்கள். பின்னங்காலின் நீண்ட கணுவில், மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாக முட்கள் இருந்தால் அது தத்துப்பூச்சிக் குடும்பம். முள் வரிசை இல்லாமல், கணுவின் முடிவில் அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று இருந்தால் அது புகையான் வகை. புகையானை எண்ணிவிட்டுத் தத்துப்பூச்சிக் கணக்கில் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டுக்கும் இருப்பிடமும் வேறு. புகையான் தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்காரும். பச்சைத் தத்துப்பூச்சி பெரும்பாலும் பயிரின் மேல் பாதியில், இலையிலும் இலையுறையிலும் இருக்கும். தொட்டால் பக்கவாட்டில் நண்டுபோல நகர்ந்து இலையின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும்.

துங்ரோவைப் பரப்புவதில் முதலிடம் நெஃபோடெட்டிக்ஸ் வைரெசென்ஸ் என்ற இனத்துக்கு. நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர். ஆணின் சிறகு நுனி கறுத்திருக்கும், சிறகின் நடுவிலும் கரும்புள்ளி இருக்கும். பெண்ணின் சிறகு நுனி வெளிறியது. இதன் உறவினமான நெஃபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸும் அதே வயலில் இருக்கலாம். தலை உச்சியில், கண்ணுக்குக் கண் ஒரு கறுப்புப் பட்டை ஓடினால் அது நைக்ரோபிக்டஸ். அதுவும் துங்ரோவைப் பரப்பக்கூடியதுதான், ஆனால் திறன் குறைவு.

கத்தரியில் நீங்கள் பார்க்கும் பச்சைத் தத்துப்பூச்சி இவை இரண்டுமே அல்ல. அது அம்ராஸ்கா இனம். வெளிர்பச்சை நிறம், ஒவ்வொரு முன்சிறகிலும் நுனிப்பக்கம் ஒரு கரும்புள்ளி. அது உறிஞ்சினால் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகிக் கருகும். அந்தச் சேதத்தை அதுவே நேரடியாகச் செய்கிறது. சிற்றிலை நோயைப் பரப்புவதில் முதலிடம் அதற்கல்ல. சிற்றிலை நோயை முக்கியமாகச் சுமப்பது ஹிஷிமோனஸ் ஃபைசிடிஸ் என்ற பழுப்புநிறத் தத்துப்பூச்சி. சிறகுகளை மடக்கி உட்காரும்போது முதுகின் நடுவில் இரண்டு அரைவட்டங்கள் சேர்ந்து ஒரு வட்டத் திட்டாகத் தெரியும். எண்ணிக்கை குறைவாகவே இருக்கும், கண்ணில் எளிதில் படாது. கத்தரியில் பச்சைப் பூச்சி குறைந்துவிட்டது, சிற்றிலை மட்டும் ஏன் குறையவில்லை என்று கேட்கிறவர்கள் பலர். அவர்கள் எண்ணியது வேறு பூச்சியை.

இனி உடம்புக்குள் போவோம். கைலென்சில் பூச்சியின் முகத்தை நேராகப் பாருங்கள். இரண்டு கண்களுக்கு இடையே, முகத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒரு புடைப்பு இருக்கும், அதில் குறுக்கு வரிகள் தெரியும். அது வெறும் முக ஓடு அல்ல. அதன் உட்புறம் முழுவதும் தசை. அந்தத் தசைகள் உள்ளே இருக்கும் ஒரு சவ்வைப் பிடித்து இழுத்து விடுகின்றன. தண்ணீர் இறைக்கும் பம்புபோல அது சாற்றை மேலே ஏற்றுகிறது. வெளியே தெரியும் வரிகள் தசை ஒட்டியிருக்கும் இடங்கள். உணவுச்சாறு ஓடும் புளோயத்தில் அழுத்தம் உண்டு. சாறு ஓரளவு தானாகவே ஏறிவரும். வேரிலிருந்து நீர் ஏறும் சைலத்தில் அழுத்தம் எதிர்மறை. பூச்சி பாடுபட்டு இழுக்க வேண்டும். அதனால்தான் சைலத்தையே நம்பி வாழும் தத்துப்பூச்சி இனங்களுக்கு முகம் இன்னும் பெரிதாகப் புடைத்திருக்கும். முகத்தைப் பார்த்தே ஒரு தத்துப்பூச்சி எதைக் குடிக்கிறது என்று ஊகிக்க முடியும்.

முகத்துக்குக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் பின்னோக்கி மடிந்திருப்பது அலகு. இந்த அலகுதான் இலைக்குள் இறங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது உறை மட்டுமே. உறைக்குள் மயிரிழையைவிட மெல்லிய நான்கு ஊசிகள் ஒரே கட்டாக இருக்கின்றன. வெளி ஊசிகள் இரண்டும் திசுவைத் துளைத்து வழி செய்யும். உள் ஊசிகள் இரண்டும் ஒன்றோடொன்று பள்ளமும் மேடுமாகப் பூட்டிக்கொண்டு, நடுவில் இரண்டு குழாய்களை உண்டாக்கும். அகலமான குழாயில் சாறு மேலே வரும், குறுகிய குழாயில் உமிழ்நீர் கீழே இறங்கும். ஏறுபாதையும் இறங்குபாதையும் தனித்தனி என்பதை நினைவில் வையுங்கள். ஏறிய கிருமி எப்படியாவது இறங்கினால்தான் நோய் பரவும்.

பூச்சி இரண்டு வகை உமிழ்நீர் விடுகிறது. ஒன்று வெளிவந்ததும் கெட்டியாகும் கூழ். அது ஊசிக்கட்டைச் சுற்றிப் பசைக்குழாயாக உறைந்து இலைக்குள்ளேயே தங்கிவிடும். மற்றொன்று நீர்த்தது, சாறு ஓடும் குழாய் அடைபடாமல் இருக்க உதவுவது. புளோயத்தில் மட்டும் வாழும் கிருமிகள் இந்த நீர்த்த உமிழ்நீரோடு நேராக அங்கேயே சேர்கின்றன. உங்கள் நுண்ணோக்கியில் பசைக்குழாயைப் பார்க்கலாம். பூச்சி ஒரு நாள் உறிஞ்சிய நாற்றின் இலையுறையை எரித்ரோசின் சாயத்தின் 1% கரைசலில் ஊறவைத்துக் கழுவினால், குத்திய இடங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஒரே பூச்சி எத்தனை இடத்தில் குத்திப் பார்த்திருக்கிறது என்று எண்ணினால் வியப்பாக இருக்கும். அத்தனையும் உறிஞ்சல் அல்ல. பம்புக்குச் சற்று முன்னால், பாதை குறுகும் இடத்தில், சுவை அறியும் உணர்வுறுப்புகளும் ஒரு வால்வும் இருக்கின்றன. பூச்சி கொஞ்சம் இழுத்து, சுவைத்து, பிடிக்காவிட்டால் ஊசியை உருவிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகும்.

துங்ரோ ஒட்டுவது இந்தப் பாதையில்தான். வாய்ப்பாதையும் பம்பும் முன்குடலும் பூச்சியின் வெளித்தோலைப் போன்ற கெட்டிப் படலத்தால் உள்ளே பூசப்பட்டிருக்கின்றன. குஞ்சு தோலுரிக்கும்போது அந்த உட்பூச்சும் கழன்று வந்துவிடும். துங்ரோ சுமந்த குஞ்சு தோலுரித்ததும் பரப்பும் திறனை இழந்துவிடுகிறது. மறுபடி நோய்ச்செடியை உறிஞ்சினால்தான் அது திரும்பி வரும். வைரஸ் குடலைக் கடந்து இரத்தத்துக்குப் போய்த் தங்கியிருந்தால் தோலுரித்தல் அதை ஒன்றும் செய்திருக்காது. காத்திருக்கும் காலமே இல்லாமல் பரவுவதும் இதற்குப் பொருந்துகிறது.

துங்ரோவில் இரண்டு வைரஸ்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று கோல்வடிவம், மற்றது உருண்டை. மஞ்சளும் குட்டையும் பெரும்பாலும் கோல்வடிவ வைரஸின் வேலை. ஆனால் அது தானாகப் பூச்சியில் ஏறாது. உருண்டை வைரஸின் துணை வேண்டும். உருண்டை வைரஸ் மட்டும் இருக்கும் செடி ஏறக்குறைய நலமாகவே தோன்றும். ஆகவே பச்சையாக நிற்கும் செடியும் நோயின் பாதி மூலப்பொருளை வைத்திருக்கலாம். வயலில் மஞ்சள் செடிகளை மட்டும் பிடுங்குவது முழுப்பலன் தராததற்கு இது ஒரு காரணம்.

இப்போது உங்கள் இரண்டு மருந்துகளுக்கு வருவோம். அரை மணி நேரம் நோய்ச்செடியில் உறிஞ்சினாலே பூச்சிக்குப் போதும். நல்ல செடியில் இறக்க அதைவிடக் குறைந்த நேரம் போதும். செடியில் அறிகுறி தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நீங்கள் மருந்து அடித்த நாளில், பத்து நாள் கழித்துத் தெரிந்த அந்தத் திட்டுகள் ஏற்கெனவே நோயுற்றவை. மருந்து பூச்சியைக் கொன்றது. முன்பே இறங்கிவிட்ட வைரஸை அதனால் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் மருந்தைத் தவறாக அடித்ததாக நினைத்து வருந்த வேண்டாம். பூச்சியை எண்ணிப் பார்க்காமல் மூன்றாவது முறை அடிப்பதாக இருந்தால் மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். தேவையில்லாத தெளிப்பு, அதிலும் செயற்கைப் பைரித்ராய்டு வகை, புகையானை இரையாக்கும் சிலந்திகளையும் மிரிட் நாவாய்ப் பூச்சிகளையும் அழித்துப் புகையானைக் கிளப்பிவிடும்.

கத்தரிக் கதை வேறு. சிற்றிலை நோயின் கிருமி பைட்டோபிளாஸ்மா. செல்சுவர் இல்லாத நுண்ணிய பாக்டீரியம். 1967 வரை இவ்வகை நோய்கள் வைரஸால் வருவதாகவே நம்பப்பட்டன. அந்த ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் புளோயத்துக்குள் இவற்றைக் கண்டார்கள். சாற்றோடு உள்ளே போன பைட்டோபிளாஸ்மா முன்குடலில் நிற்பதில்லை. அதன் பயணத்தைப் புரிந்துகொள்ளக் குடலின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாறு பெரும்பாலும் தண்ணீர், சத்து கொஞ்சம். அத்தனை தண்ணீரும் குடல் முழுக்க ஓடினால் சத்து நீர்த்துப்போகும். அதற்காகத் தத்துப்பூச்சியின் நடுக்குடல் ஒரு வளையமாகத் திரும்பி வந்து, அதன் கடைசிப் பகுதி தொடக்கப் பகுதியோடு ஒட்டி ஒரே உறைக்குள் கிடக்கிறது. இது வடிகட்டும் அறை. மிகுதித் தண்ணீர் இங்கேயே குறுக்கு வழியில் பின்குடலுக்குப் போய், சொட்டுச் சொட்டாக வெளியேறும். கெட்டியான சாறு மட்டும் நடுக்குடலைச் சுற்றி வரும். நடுக்குடலுக்குக் கெட்டிப் படலம் கிடையாது. உயிருள்ள செல்களே சுவர். பைட்டோபிளாஸ்மா இந்தச் செல்களுக்குள் நுழைந்து, பெருகி, மறுபக்கம் வெளியேறி இரத்தத்தில் மிதக்கிறது. பிறகு உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்களுக்குள் நுழைய வேண்டும், அங்கும் பெருகி உமிழ்நீரில் கலக்க வேண்டும். ஒவ்வொரு சுவரும் ஒரு தடை. காத்திருக்கும் காலம் வெப்பநிலையையும் இனத்தையும் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம்வரை போகலாம்.

குடல் சுவர் தடையாக இருக்கிறது என்பதை மிக எளிய சோதனையில் காட்டியவர் எச். எச். ஸ்டோரி. கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்காச்சோளக் கீற்று வைரஸை ஆராய்ந்த அவர், அதைப் பரப்பும் தத்துப்பூச்சி இனத்திலேயே சில பூச்சிகள் எவ்வளவு குடித்தாலும் பரப்புவதில்லை என்று கண்டார். 1933இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பூச்சிகளின் குடலை மெல்லிய ஊசியால் துளைத்தார். அவையும் பரப்பத் தொடங்கின. உமிழ்நீர்ச் சுரப்பியில் குறை இல்லை, குடல்தான் வழிவிடவில்லை. இன்றுவரை இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

பூச்சியின் சினைப்பைக்குள்ளும் புகும் கிருமிகள் உண்டு. ஜப்பானில் நெற்குட்டை வைரஸ் தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் போவதை ஃபுகுஷி என்ற ஆய்வாளர் காட்டினார். பூச்சியின் கருமுட்டைக்குப் போய்ச்சேரும் சல்சியா என்ற நலம்தரும் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டே அந்த வைரஸ் முட்டைக்குள் நுழைகிறது என்பது 2017இல் தெரிந்தது. துங்ரோவுக்கு அந்த வழி கிடையாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு சுத்தமானது. இது உங்களுக்கு நல்ல செய்தி, இதைக் கீழே பயன்படுத்தப் போகிறோம்.

பார்த்தே நோய்சுமக்கும் பூச்சியைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. நிறமோ நடையோ மாறாது. ஆய்வகத்தில் பிசிஆர் என்ற, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனையைச் செய்தாலும் எச்சரிக்கை வேண்டும். முழுப்பூச்சியை அரைத்துச் சோதித்தால், குடித்த சாற்றில் இருக்கும் கிருமியும் சேர்ந்து தெரியும்; அது அந்த இனம் நோய் பரப்புகிறது என்பதற்குச் சான்றாகாது. சிற்றிலை போன்ற நோயில் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தனியே சோதிக்க வேண்டும், அல்லது மெல்லிய படலத்தின் வழியே சர்க்கரைக் கரைசலை உறிஞ்சவிட்டு அந்தக் கரைசலைச் சோதிக்க வேண்டும்.

செடியை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். சந்தேகமான இலையின் நுனி 10 சென்டிமீட்டரைக் காலை 6 மணிக்கு முன் வெட்டுங்கள். 100 மில்லி தண்ணீரில் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து, அதில் 2 கிராம் அயோடினைக் கரையுங்கள். வெட்டிய முனையை 15 நிமிடம் தோய்த்துக் கழுவினால், துங்ரோ இலையில் கருநீலக் கீற்றுகள் தெரியும். நோயால் இலையில் மாவுச்சத்து தேங்குவதே காரணம். வெயில் ஏறிய பிறகு எடுத்தால் நல்ல இலையிலும் மாவுச்சத்து சேர்ந்திருக்கும், சோதனை பொய்க்கும். நல்ல செடியின் இலை ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் முடிவு சொல்லாதீர்கள்.

மகளோடு சேர்ந்து பூச்சியைத் திறந்து பார்க்க விரும்பினால், உயிருள்ள பூச்சியைச் சிறு குப்பியில் போட்டு உறைபெட்டியில் ஐந்து நிமிடம் வையுங்கள். சாராயத்தில் கொல்ல வேண்டாம். உறுப்புகள் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். கொதித்து ஆறிய 100 மில்லி தண்ணீரில் 0.9 கிராம் உப்புக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு அதில் பூச்சியை மல்லாக்க வையுங்கள். வெறும் தண்ணீரில் செல்கள் ஊதி வெடித்துவிடும். கூட்டு நுண்ணோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரியும், ஊசி இடப்புறம் போனால் வலப்புறம் போவதாகக் காணும். அதனால் கைலென்சை ஒரு தாங்கியில் பொருத்தி அதன் கீழ் பிரித்துவிட்டு, பிறகு மெல்லிய கண்ணாடி மூடி 40 மடங்கில் பாருங்கள். ஒரு ஊசியால் மார்பை அழுத்திக்கொண்டு, மற்றொன்றால் தலையை மிக மெதுவாக இழுங்கள். தலையோடு சேர்ந்து வரும் தெளிவான, திராட்சைக் கொத்துபோன்ற மடல்கள்தாம் உமிழ்நீர்ச் சுரப்பி. வெடுக்கென இழுத்தால் உணவுக்குழல் அறுந்து, சுரப்பி மார்புக்குள் தங்கிவிடும். குடலைப் பார்க்க, வயிற்றின் கடைசி வளையங்களைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முதிர்ந்த குஞ்சுகளில் வெள்ளைக் கொழுப்பு எல்லாவற்றையும் மறைக்கும். சிறகு வந்த ஆண்பூச்சி எளிது. குடலோடு, கழிவைப் பிரிக்கும் நான்கு மெல்லிய மால்பிஜியன் குழல்கள் வரும். தத்துப்பூச்சிகளில் மட்டும் இவை ஒரு மைக்ரானுக்கும் குறைவான புரத உருண்டைகளைச் செய்கின்றன. பூச்சி அவற்றைப் பின்னங்காலின் முட்களால் உடம்பு முழுக்கச் சீவிப் பூசிக்கொள்ளும். தன் தேன்கழிவு உடம்பில் ஒட்டாமல் உருண்டோடுவது இதனால்தான். அந்தப் பின்னங்கால் முட்கள் அடையாளத்துக்கு மட்டும் இருப்பவை அல்ல.

இனி வயலில் என்ன செய்வது? துங்ரோ முட்டையில் போகாது, பூச்சியில் ஐந்து நாளுக்கு மேல் நிற்காது. ஆகவே இரண்டு பருவங்களுக்கு இடையே அது உயிர்வாழ வேண்டுமானால் பச்சையான நெல் எங்கோ இருக்க வேண்டும். அது பெரும்பாலும் அறுவடைத் தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு. அறுத்த உடன் உழுது மடக்குங்கள். அக்கம்பக்கத்து வயல்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடவு செய்தால் இன்னும் நல்லது. இந்த ஒரு வேலையின் பலன் எந்த மருந்திலும் இல்லை. நாற்றங்காலை விளக்கு வெளிச்சத்துக்கு அருகே போடாதீர்கள். பச்சைத் தத்துப்பூச்சி இரவில் ஒளிக்குக் கூடும்.

மருந்துக்குரிய காலம் நாற்றங்காலும் நட்ட முதல் மாதமும்தான். பயிரின் குறுக்கே நடந்து 20 குத்துகளில் எண்ணுங்கள். வழக்கமாக வளர்பருவத்தில் குத்துக்கு 5 பூச்சி என்பது தெளிக்க வேண்டிய எல்லை. துங்ரோ வந்துபோகும் வயலில் குத்துக்கு 2 பூச்சி வந்தாலே தெளிக்க வேண்டும். நோய்ச்செடிகளைப் பிடுங்குவதானால் முதலில் தெளித்து, மறுநாள் பிடுங்குங்கள். தெளிக்காமல் பிடுங்கினால் அதிலிருந்த பூச்சிகள் வைரஸோடு பக்கத்துச் செடிக்குத் தாவும். நோயை நாமே கையால் பரப்பியதாகிவிடும். 45 நாளைத் தாண்டிய பயிரில் புதுத் தொற்றால் விளைச்சல் இழப்பு குறைவு, அப்போது விட்டுவிடலாம். அடுத்த பருவத்துக்கு எதிர்ப்பு ரகம் தேடும்போது, அது பூச்சிக்கு எதிர்ப்பா, வைரஸுக்கு எதிர்ப்பா என்று கேளுங்கள். பூச்சி எதிர்ப்பு ரகத்தில் தத்துப்பூச்சி புளோயத்தை விட்டுச் சைலத்தையே அதிகம் குடிக்கும். துங்ரோ வைரஸ் இருப்பது புளோயத்தில் என்பதால் பரவல் குறைகிறது. ஆனால் அதே ரகத்தை ஆண்டுதோறும் பயிரிட்டால் பூச்சி பழகிக்கொள்ளும். வைரஸ் எதிர்ப்பும் சேர்ந்த ரகம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கத்தரியில் வரிசை மாறும். அங்கே பூச்சிக்கு மூன்று வாரம்போலக் காத்திருப்பு இருப்பதால், நோய்ச்செடியை அடையாளம் கண்ட அன்றே வேரோடு பிடுங்கினால் புதுப் பூச்சிகள் நோயேறுவதை நிறுத்தலாம். காய்க்காத, துடைப்பம்போலத் துளிர்த்த செடியைப் பாவம் பார்த்து விட்டுவைப்பதுதான் தோட்டம் முழுதும் போவதற்குக் காரணம். அது மறுபடி காய்க்காது. வெட்டிவிட்டாலும் தூரிலிருந்து வரும் துளிர் நோயோடேயே வரும். வரப்பிலுள்ள ஊமத்தையிலும் நித்தியகல்யாணியிலும் பூ பச்சையாகவோ இலை சிறுத்தோ இருந்தால் அவற்றையும் எடுங்கள். அதே கிருமி அங்கும் தங்கும்.